ஜக்ரூவின் பெயரில் ஒரு புள்ளி

கற்பிட்டிக் கடைத்தெருவில் அக்கீலாவிடம் போய், "இத உங்களுக்கு அடிக்க ஏலுமா?" என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு ஆளை மேலும் கீழும் பார்ப்பாள். "ஏலாததுக்கா கட போட்டு வெச்சிருக்கேன்?" என்பாள். கேட்டவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் கதிரையில் உட்கார வேண்டியதுதான்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். தமிழா, சிங்களமா, இங்கிலீஷா, அரபா, எதுவானாலும் விரல் தடுக்காது. பள்ளிவாசல் அறிவித்தல், கலியாணக் கார்ட், தலவில தேவாலயத் திருவிழாத் துண்டுப் பிரசுரம், வெங்காய மூட்டைக்கு ஒட்டுகிற லேபல் எல்லாம் அவள் கையால்தான் போகும். தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பாள். பாமினி தெரிந்தவர்களுக்கு விளங்கும். அதில் கொம்பு ஒரு தட்டு, எழுத்து ஒரு தட்டு, கால் ஒரு தட்டு. துண்டு துண்டாகப் பொறுக்கிக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குச் சரியாக வந்துவிட்டால் சரி, தாளில் அச்சாகி வெளியே வந்துவிடும். இருபது வருசத்துக்கு மேலாக அக்கீலாவின் வேதம் அதுதான். கொம்பியூட்டர் தன் வயிற்றுக்குள் என்ன நினைக்கிறது என்பது அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அவளுடைய அந்த வீறாப்புக்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது ஆறு வயது. எத்தாளைப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். ஒருநாள் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவர் வாப்பா எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்த்தார். இது விளங்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று திருப்பி நீட்டினார். வாப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். அந்த நடையை அக்கீலா மறக்கவில்லை. பிறகு புத்தளத்தில் ஒரு கொமியூனிகேசன் கடையில் நின்று தட்டச்சுப் பழகினாள். வெங்காய வியாபாரி றிஸ்கானைக் கலியாணம் முடித்துக் கற்பிட்டியிலேயே சொந்தக் கடை போட்டாள். போட்ட நாளிலிருந்து எவரையும் தெரியாது, ஏலாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணமும் கொழுத்துப் போனால் தலைக்கேறிவிடும், அக்கீலாவுக்கு ஏறித்தான் இருந்தது.

அது எவ்வளவு ஏறியிருந்தது என்பதற்குத் தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு சாட்சி இருந்தது. றிஷ்னா என்ற பிள்ளை. அக்கீலாவிடமே வேலை பழகிவிட்டு, பிறகு நேர் எதிரே தானும் ஒரு கடை போட்டுக்கொண்டவள். போனிலேயே பாதி வேலையை முடித்துவிடுவாள், பாமினி பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அவள் கடை திறந்த அன்றைக்கு அனுப்பிய சீனிப் பணியாரத்தை அக்கீலா தொடவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை.

இப்படி இருக்கையில் அந்த வருசம் சோளகக் காற்று அடங்குகிற நேரம், கரையில் ஒரு மனிதன் உயிரில்லாமல் வந்து ஒதுங்கினான்.

முதலில் கண்டது கத்தரினா. கரையில் வாடிக் கொட்டில் அடித்து மீன் காயப்போடுகிறவள். விடியற்காலை பாய் விரிக்கப் போனவள் கண்டு, ஓடிவந்து ஆட்களைக் கூட்டினாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண். முகம் அடையாளம் சொல்லும்படியாக இல்லை. சட்டைப் பை வெறுமை. இடது முழங்கையின் உட்பக்கம் மட்டும் பச்சை குத்தியிருந்தது. கொடியில் காயப்போட்ட கருவாடு போல ஒரு கோட்டிலிருந்து எழுத்துகள் தொங்கின. பொலிஸோடு சேர்ந்து உடலைத் தூக்க வந்தவர்களில் ஹயாத்து முகம்மதுவும் இருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். அதற்கு முன் சவூதியில், தமாமில் பல வருசம் லொறி ஓட்டியவர். ஹிந்தி சரளமாகக் கதைப்பார், கூட ஓட்டிய வடஇந்தியர்களிடம் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கொஞ்சம் பழகியிருந்தார். எழுத மட்டும் வராது. அவர்தான் குனிந்து பார்த்து, இது ஹிந்தி என்றும் பெயர் ஜக்ரூ என்றும் சொன்னார்.

அந்த ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்? பொலிஸ் தன் வேலையைச் செய்தது, ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்தது. சொந்தம் கோரி ஒருவரும் வரவில்லை. கடைசியில் நீதவானின் உத்தரவின்படி பொது மையவாடியின் ஓரத்தில் அடக்கினார்கள். ஹயாத்து முகம்மது குழி வெட்ட நின்றார். என்ன மதம் என்று தெரியாததால் அவரவர் தங்களுக்குத் தெரிந்ததை மனதுக்குள் ஓதினார்கள், கத்தரினா ஒரு பிடி பூப் போட்டாள். தலைமாட்டில் ஒரு பலகை. அதில் பொலிஸ் இலக்கம் மட்டும்.

இவனுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும், தேடுகிறவர்கள் இருப்பார்கள், பேஸ்புக்கில் போட்டுப் பார்ப்போம் என்று ஹயாத்து முகம்மதுதான் சொன்னார். பொலிஸிலும் சரி என்றார்கள். ஆனால் படம் போடக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். மையத்தை, இறந்தவர் மேனியை, ஊருக்குக் காட்டுவது எங்கேயும் வழக்கமில்லை. பச்சை குத்திய கையை மட்டும் காட்டினாலும் அது மையத்தின் கைதானே என்றார் பள்ளிவாசல் நிர்வாகி. கத்தரினாவும் அதையே சொன்னாள். ஆகவே பெயரை ஹிந்தி எழுத்திலேயே அடித்துப் போடுவதென்று முடிவாயிற்று. பொலிஸ் எடுத்து வைத்திருந்த படத்தில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்து ஹயாத்து முகம்மது ஒரு தாளில் அப்படியே வரைந்து கொண்டுவந்து அக்கீலாவின் மேசையில் வைத்தார். பாவம், அவரும் பழக்கதோசத்தில் கேட்டுவிட்டார், ஹிந்தி அடிக்க ஏலுமா என்று.

"ஏலாததுக்கா கட போட்டு வெச்சிருக்கேன்?" என்றாள் அக்கீலா.

அவளுக்கு ஹிந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. அதற்காகத் தெரியாது என்று சொல்லிவிடுவாளா? கொம்பியூட்டரில் ஹிந்தி விசைப்பலகையை ஏற்றி, ஒவ்வொரு விசையாகத் தட்டித் தட்டி, வரைந்த படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பிடித்தாள். முதல் எழுத்து வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதுதான் கழுத்தறுத்தது. தூண்டில் முள் போல வளைந்த ஓர் எழுத்து, அதன் காலடியில் ஒரு புள்ளி. முள் கிடைத்தது, புள்ளியோடு கிடைக்கவில்லை. ஒரு விசையைத் தட்டினால் புள்ளி வரத்தான் செய்தது, ஆனால் அதன் மேல் விட்டுவிட்டு வரைந்த வட்டம் ஒன்றும் கூடவே வந்தது. இது வேறென்னமோ சனியன் என்று அதை அழித்துவிட்டாள். அதுதான் அசல் புள்ளி. எழுத்தின் பின்னால் தட்டியிருந்தால் வட்டம் மறைந்து அதன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

மதரஸாப் புத்தகங்களுக்கு அரபுப் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும்போது சில எழுத்துக்குக் கீழே புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதை எடுத்துக்கொண்டுவந்து ஹிந்தி எழுத்தின் காலடியில் வைத்தாள். அச்சொட்டாக உட்கார்ந்தது. பாமினியில் துண்டு பொறுக்கிப் பழகிய கை அல்லவா! ஹயாத்து முகம்மது எழுத்துக் கூட்டி வாசித்தார், ஜக்ரூ, சரிதான் என்றார். மிச்ச விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அடித்து, கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். அன்றைக்கு அவளுக்கிருந்த பெருமிதத்துக்குக் கடைத்தெருவே போதவில்லை.

நோட்டீஸ் பறந்தது. ஆயிரக் கணக்கில் பகிர்ந்தார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து அறிவித்தல் சொல்லும்போது நிர்வாகி அவள் பெயரைச் சொல்லி துஆச் செய்தார் என்று றிஸ்கான் வந்து சொன்னான். அவள் அதைச் சாமான் வாங்க வந்தவர், போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர் எல்லோரிடமும் ஒருதரம் சொன்னாள்.

அந்தக் கிழமையில்தான் றிஷ்னா தெருவைக் கடந்து வந்தாள். கடைக்குள் ஆட்கள் நின்றார்கள். அவள் வாசலிலேயே நின்று, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"ராத்தா, கோவிக்காதீங்க. அந்த ஹிந்திப் பேர்ல ஒரு புள்ளி என்ட போன்ல எழுத்தோட ஒட்டாம தனியா ஒரு வட்டத்துக்குக் கீழ நிக்குது. அது வேற பாஷைட புள்ளி போல. தேடினா வராது ராத்தா. நான் சரியா அடிச்சுத் தரட்டா?"

அவள் ரகசியமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அக்கீலா கேட்டிருப்பாளோ என்னவோ. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கீலாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"என்ட கையால 'அ' அடிக்கப் பழகின நீ எனக்குப் படிப்பிக்க வாறியா? உன்ட போன் ஓட்டப் போன். போ, போய் உன்ட கடையப் பாரு."

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். றிஷ்னா போனைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போனாள். இரவு படுக்கும்போது அக்கீலாவுக்கு நெஞ்சில் ஏதோ நெருடத்தான் செய்தது. காலையில் எழுந்து ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். காலையில் பார்த்தால் றிஷ்னா சொன்னதைக் கேட்டதாகிவிடும். பார்க்கவில்லை.

மாதங்கள் போயின. நோன்பு வந்து போயிற்று, பெருநாளும் போயிற்று. நோட்டீஸை ஊர் மறந்தது. பிறகு ஒருநாள் கடைப் போனுக்கு இந்திய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மறுபக்கம் ஒரு பெண்பிள்ளையின் குரல், ஹிந்தி. அக்கீலா ஓடிப்போய் ஹயாத்து முகம்மதுவைக் கூட்டிவந்தாள். அவர் பேசப் பேச முகம் மாறியது. போனைப் பொத்திக்கொண்டு, மகளாம், ஜக்ரூவின் மகளாம் என்றார். அக்கீலா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதேவிட்டாள். சந்தோசத்தில்தான் அழுதாள்.

பெண்ணின் பெயர் பூல்மணி. ஜார்க்கண்டில் ஒரு மலைக் கிராமம். தாதிப் படிப்புப் படிக்கிறவள். ஊரார் சேர்த்துக் கொடுத்ததில் தாய்மாமனோடு விமானம் ஏறி, பொலிஸ் அலுவல்களை முடித்துக்கொண்டு கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தாள். நேரே வந்தது அக்கீலாவின் கடைக்கு. வந்தவள் வாசலிலேயே குனிந்து அக்கீலாவின் காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கீலா பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினாள். மாமன் ஒரு துணி முடிச்சை நீட்டினார். தங்கள் வயலில் விளைந்த அவலாம்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு பூல்மணி கதை சொன்னாள். ஹயாத்து முகம்மது தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பன் ஆழ்கடல் படகு வேலைக்குத் தெற்கே போனவர். மாதம் ஒருமுறை போன் எடுப்பார். திடீரென்று நின்றுபோயிற்று. படகுக்காரனைக் கேட்டால், வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான் என்றான். ஊர் உடனே கதை கட்டிவிட்டது, அவனுக்குக் கடற்கரையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று. பூல்மணி நம்பவில்லை. அப்பனின் பெயரை ஹிந்தியில் அடித்து ஒவ்வொரு நாளும் போனில் தேடினாள். வகுப்பு முடிந்து வந்ததும் தேடுவாள், தூங்கும் முன் தேடுவாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் துறைமுகத்தில் வேலை செய்கிற ஊர்க்காரன் ஒருவனுக்கு யாரோ அனுப்பிய படம் ஒன்று கை மாறிக் கை மாறி வந்தது. இந்தக் கடையின் நோட்டீஸை யாரோ போனில் படமாகப் பிடித்திருந்தார்கள். அதில்தான் பெயரையும் கடையின் போன் இலக்கத்தையும் கண்டாள்.

"அவட அப்பாட உம்மா மாசி மாசம் மௌத்தாகிட்டாவாம்," என்றார் ஹயாத்து முகம்மது. குரல் இறங்கியிருந்தது. "மகன் விட்டுட்டுப் போய்ட்டான் எண்டு நெனச்சு, சாகும்மட்டும் அவனத் திட்டித் திட்டியே செத்தாவாம். வாயில தண்ணி வைக்கக்குள்ளயும் அவன்ட பேரச் சொல்லாதீங்க எண்டாவாம்."

மாசி. நோட்டீஸ் போட்டது அதற்கு எவ்வளவோ முன்பு. அக்கீலா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

பூல்மணி போனை எடுத்துக் காட்டினாள். ஆச்சரியத்தோடுதான் காட்டினாள், குற்றம் சொல்லவில்லை. அப்பன் பெயரை அடித்தாள். வந்த வரிசையில் அக்கீலாவின் நோட்டீஸ் இல்லை. பிறகு பேஸ்புக் நோட்டீஸிலிருந்த பெயரை அப்படியே எடுத்துப் போட்டுத் தேடினாள். இந்த நோட்டீஸ் ஒன்று மட்டும் வந்தது. பார்க்க இரண்டும் ஒரே பெயர், ஏன் இப்படி என்று இன்னும் விளங்கவில்லை என்றாள்.

அக்கீலாவுக்கு விளங்கியது. கன்னம் இரண்டும் தீப்பிடித்தது போல எரிந்தது. பாமினி தலைமுறைக்காரி ஆனாலும் முட்டாள் இல்லை. கொம்பியூட்டருக்குக் கண் கிடையாது. அதற்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் இலக்கம், ஒவ்வொரு புள்ளியும் ஓர் இலக்கம். மனிதக் கண்ணுக்குப் பெயராகத் தெரிந்தது, அதற்கு வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறது. அவள் அந்த மனிதனை இரண்டாம் முறை புதைத்திருக்கிறாள், பெயரோடு சேர்த்து. அதுவும் தெரியாமல் செய்தாள் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருத்தி வாசலில் வந்து நின்று சொன்னாள்.

பூல்மணி ஒரு வேண்டுகோள் வைத்தாள். மையவாடிப் பலகையில் அப்பன் பெயர் வேண்டும், முதலில் எழுதிய கையே எழுதித் தர வேண்டும். அக்கீலா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

அன்று பின்னேரம், இரண்டு விருந்தாளிகளையும் வீட்டில் விட்டுவிட்டு, அக்கீலா தெருவைக் கடந்தாள். பத்தடி அகலமில்லாத தெரு அது. றிஷ்னா எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். அக்கீலா உட்காரவில்லை. அந்தப் பெயரை அடித்துப் பெரிதாக அச்செடுத்துத் தா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

றிஷ்னா போனில் ஹிந்தி விசைப்பலகையைத் திறந்தாள். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. தூண்டில் முள் எழுத்து வந்ததும் விரலை எடுக்காமல் அதன்மேல் அப்படியே கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதற்குள் அதே முள், காலடியில் புள்ளியோடு, முழுசாக.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கீலா.

"அவ்வளவுதான் ராத்தா."

அக்கீலா அப்போதுதான் உட்கார்ந்தாள். முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள். றிஷ்னா ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அன்றைக்கே சொன்னேனே என்று. சொல்லியிருந்தால் அக்கீலாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாவிப் பிள்ளை, அச்செடுத்த தாளைச் சுருட்டி றப்பர் போட்டுக் கையில் கொடுத்தது.

மறுநாள் காலையில் ஹயாத்து முகம்மது அந்தத் தாளை வைத்துப் பலகையில் வரைந்து கறுப்புப் பெயின்ட் அடித்தார். மையவாடியில் பொலிஸ் இலக்கத்துக்கு மேல் அதை நட்டார்கள். கத்தரினாவும் வந்திருந்தாள். பூல்மணி முழங்காலிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள், ஒரு பொட்டலம் மண் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து அக்கீலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கீலாவுக்கு அந்தப் பிடி தாங்கவில்லை. ஹயாத்து முகம்மதுவைப் பார்த்து, தான் வைத்தது பிழையான புள்ளி என்றும், அதனால்தான் இவள் தேடியும் வரவில்லை என்றும், இவள் வாப்பும்மா தன்னால்தான் அப்படி மௌத்தானார் என்றும் சொல்லச் சொன்னாள். ஹயாத்து முகம்மது அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூல்மணியிடம் ஹிந்தியில் இரண்டு வசனம் சொன்னார். பூல்மணி அக்கீலாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சொல்லவில்லை. அக்கீலாவுக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. நல்ல மனிதர், இரண்டு பேர் மனமும் நோகக் கூடாதென்று வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். அதைவிடக் கேவலம், அவர் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. சொல்லியாயிற்று, இனி என் பொறுப்பில்லை என்று. கடைக்குத் திரும்புகிற வழி முழுக்க அந்த நிம்மதியோடுதான் நடந்தாள். நடக்க நடக்க அது அவளுக்கே அருவருப்பாயிற்று.

கடையில் வான் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பூல்மணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கீலா கையை உருவிக்கொண்டாள். பூல்மணியின் போனைக் கேட்டு வாங்கினாள். தன் நோட்டீஸைத் திறந்து, பெயரைப் பெரிதாக்கி, மூன்றாம் எழுத்தின் காலடியில் இருந்த புள்ளியில் விரலை வைத்தாள். பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். பெண் விளங்காமல் பார்த்தது. அக்கீலா தேடுகிற பெட்டியைத் திறந்தாள். றிஷ்னா செய்தது போலத் தானே முள் எழுத்தை அழுத்திப் பிடித்து, அசல் எழுத்தை எடுத்துக் காட்டினாள். மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் அந்தப் புள்ளி, மறுபடியும் தன் நெஞ்சு.

பூல்மணி போனை வாங்கிக்கொண்டாள். புள்ளியைப் பார்த்தாள், அக்கீலாவைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மாமன் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். ஹயாத்து முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏன் புள்ள இப்பிடிச் செஞ்ச?" என்றார்.

வான் வந்தது. மாமன் கும்பிட்டுவிட்டு ஏறினார். பூல்மணி கும்பிடாமல் ஏறினாள். எதிர்ப்பக்கம் றிஷ்னா தன் கடை வாசலில் வந்து நின்றாள். வான் கிளம்புகிற நேரம் பூல்மணி கண்ணாடியை இறக்கி ஹயாத்து முகம்மதுவிடம் ஏதோ கேட்டாள். அவர் ஒன்றுமில்லை என்பது போலக் கையை ஆட்டினார். அவள் மறுபடியும் கேட்டாள்.

"என்ன கேக்கிறா, ஹயாத்து நானா? உள்ளபடி சொல்லுங்க," என்றாள் அக்கீலா.

ஹயாத்து முகம்மது வானை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ளி பிழை எண்டு அப்பவே ஆரும் உங்களுக்குச் சொல்லல்லியா எண்டு கேக்கிறா."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தெரியாமல் நடந்தது என்று அந்தப் பெண் மன்னித்துவிட்டுப் போவாள். றிஷ்னாவும் வாய் திறக்க மாட்டாள், அது அக்கீலாவுக்குத் தெரியும்.

"சொன்னா," என்றாள் அக்கீலா. கையை நீட்டித் தெருவுக்கு அப்பால் காட்டினாள். "அந்தா நிக்கிற புள்ள வந்து சொன்னா. சரியா அடிச்சுத் தாறேன் எண்டும் சொன்னா. ஆள்களுக்கு முன்னால வெக்கமாப் போச்செண்டு நான்தான் ஏசி வெரட்டினேன். அதச் சொல்லுங்க நானா. ஒண்டையும் விடாமச் சொல்லுங்க."

இந்த முறை ஹயாத்து முகம்மது ஒன்றையும் விடவில்லை. கொஞ்ச நேரம் எடுத்துச் சொன்னார். பூல்மணி கேட்டாள். தெருவுக்கு அப்பால் நின்ற றிஷ்னாவைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு கண்ணாடியை ஏற்றினாள்.

வான் பாலாவி ரோட்டில் திரும்பி மறையும்வரை அக்கீலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்குள் போனபோது மேசையில் அந்த அவல் முடிச்சு அவிழ்க்கப்படாமல் இருந்தது.